ஆறு பொட்டு வண்டு: வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே வண்டைப் பற்றியவை.

அழகர்கோவில் அடிவாரத்தில் சாயங்காலம் ஒரு பெரிய கறுப்பு வண்டைப் பார்த்தோம். உடம்பில் வெள்ளைப் பொட்டுகள். பறக்கவே இல்லை, ஓடியே தப்பித்துவிட்டது. அது என்ன? (மேலூர்)

கழுத்துப் பக்கம் இரண்டு, முதுகில் நான்கு என்று மொத்தம் ஆறு பொட்டுகள் இருந்தால் அது ஆறு பொட்டு வண்டு, அறிவியல் பெயர் ஆந்தியா செக்ஸ்குட்டாட்டா. தரை வண்டுக் குடும்பம், ஏறக்குறைய 4 செ.மீ. நீளம். முதுகின் மேலோடு இரண்டு பாதியும் ஒட்டிப்போனதால் பறக்க வராது. அதை ஈடுகட்டத்தான் அத்தனை நீளமான கால்கள்.

இதன் அறிவியல் பெயருக்குப் பின்னால் (ஃபேப்ரீசியஸ், 1775) என்று அடைப்புக்குறிக்குள் போடுகிறார்களே, ஏன்? (திருமங்கலம், கல்லூரி மாணவர்)

நல்ல கேள்வி. பல பாடப் புத்தகங்களிலேயே இந்த அடைப்புக்குறியைக் கண்டபடி போடுகிறார்கள். உயிரினங்களுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸின் மாணவரான ஃபேப்ரீசியஸ் 1775-இல் இதற்கு வைத்த பெயர் காராபஸ் செக்ஸ்குட்டாட்டஸ். இரட்டைப் பெயரில் முதல் சொல் பேரினம், அதாவது நெருங்கிய இனங்களின் கூட்டம். அந்தக் காலத்தில் தரை வண்டு என்றாலே காராபஸ் பேரினத்தில் போட்டுவிடுவார்கள். 1801-இல் வெபர் ஆந்தியா என்ற பேரினத்தை உண்டாக்கினார். இந்த வண்டும் அதற்குள் போனது. முதலில் விவரித்தவர் வைத்த பேரினம் பின்னால் மாறினால் அவர் பெயருக்கு அடைப்புக்குறி, மாறாவிட்டால் கிடையாது. காராபஸ் ஆண்பால், ஆந்தியா பெண்பால் என்பதால் '-டஸ்' என்ற கடைசி எழுத்துகளும் '-டா' ஆயின. பழைய நூல்களில் தேடும்போது இரண்டு பெயரிலும் தேடுங்கள்.

நம் பக்கத்தில் மட்டும்தான் இருக்கிறதா? (உசிலம்பட்டி)

இல்லை. கர்நாடகம், மகாராஷ்டிரம் என்று தீபகற்பத்தின் வறண்ட புதர்க்காடுகளில் பரவலாக உண்டு. ஆனால் ஆந்தியா பேரினத்தின் மற்ற சொந்தங்களில் பெரும்பாலானவை ஆப்பிரிக்காவில்தான். பறக்காத பூச்சி என்பதால் இடையில் புதர் அழிந்தால் அக்கம்பக்கத்திலிருந்து சுலபமாக வந்து சேராது.

பையன் கையில் பிடித்தான். ஏதோ பீய்ச்சியடித்து எரிகிறது என்று அழுதான். விஷமா? (நாகமலை புதுக்கோட்டை)

ஃபார்மிக் அமிலம், எறும்பிடம் இருப்பதேதான். தோலில் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவினால் போதும். கண்ணில் பட்டால் விடாமல் கழுவிக்கொண்டே டாக்டரிடம் போங்கள், காத்திருக்க வேண்டாம்.

தென்னையைத் துளைப்பது இதுதானா? அடிக்கலாமா? (வாடிப்பட்டி)

அது காண்டாமிருக வண்டு, வேறு குடும்பம். இது மற்றப் பூச்சிகளைப் பிடித்துத் தின்பது. விட்டுவிடுங்கள்.

போட்டோ அனுப்பினால் உறுதி செய்வீர்களா?

தாராளமாக. நேர்மேலிருந்து எடுங்கள், பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் இருக்கட்டும். தேதியோடு ஊரும் வேண்டும். வெறுமனே 'மதுரை' என்று எழுதினால் பரவல் வரைபடத்துக்கு உதவாது. வைகைக்கரை வயலா, சமணர் மலைப் பாறைச்சரிவா என்று எழுதுங்கள்.