மணிலாவின் பழைய நகரம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அலுவலக வேலையாக மணிலா செல்கிறேன். அப்பாவையும் உடன் அழைத்துச் செல்கிறேன். அவருக்கு எழுபது வயது கடந்துவிட்டது. வேலை முடிந்தபின் ஒரு நாள் ஓய்வு கிடைக்கும். இன்ட்ராமூரோஸ் என்னும், மதில் சூழ்ந்த பழைய ஸ்பானிய நகரத்தை அன்று பார்க்கலாம் என்று எண்ணியிருந்தேன். ஆனால் அங்கே போய்வந்த நண்பர்கள், “எல்லாம் போருக்குப் பிறகு கட்டிய போலி, அசலாக ஒன்றுமே இல்லை” என்கிறார்கள். அது உண்மையா? உண்மை என்றால், திரும்பக் கட்டியதைப் போய்ப் பார்ப்பதில் என்ன இருக்கிறது?

எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்.,

உங்கள் நண்பர்கள் சொல்வது பெருமளவு உண்மைதான். 1945 பிப்ரவரி 3 முதல் மார்ச் 3 வரை நடந்த மணிலாப் போரின்போது, மதிலுக்குள் பதுங்கிய ஜப்பானியப் படையை வீழ்த்த அமெரிக்கப் பீரங்கிகள் நாள்கணக்கில் குண்டு பொழிந்தன. உள்ளே அகப்பட்ட மக்களை ஜப்பானியர்கள் கொன்று குவித்தார்கள். மணிலா முழுவதிலும் ஏறத்தாழ ஒரு லட்சம் பொதுமக்கள் மாண்டார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. மதிலுக்குள் இருந்த ஏழு பெரிய தேவாலயங்களில் புனித அகஸ்தீன் தேவாலயம் ஒன்றே தப்பியது. இவ்வளவும் சரி. ஆனால் இதிலிருந்து அவர்கள் வந்து சேர்ந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. 1945இல்தான் அந்த நகரம் முதன்முறையாக இடிந்தது என்று அவர்கள் எண்ணுவதால் வந்த முடிவு அது.

மணிலாவின் தலைமைத் தேவாலயமான பேராலயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இன்று நிற்பது 1958இல் கட்டி முடிக்கப்பட்டது. அந்த வரிசையில் எட்டாவது என்று கணக்கிடுகிறார்கள். முன்னவை தீக்கும் புயலுக்கும் நிலநடுக்கத்துக்கும் இரையானவை. 1863 ஜூன் மாத நிலநடுக்கத்தில் கூரை சரிந்தபோது உள்ளே வழிபாட்டில் இருந்தவர்களோடு பெத்ரோ பெலாயெஸ் என்ற பாதிரியாரும் இறந்தார். அந்த மண்ணில் பிறந்த குருமார்களின் உரிமைக்காக ஸ்பானியத் துறவியர் சபைகளை எதிர்த்து வாதாடியவர் அவர். கட்டடம் புதியது என்று விலகிப்போகிறவருக்கு இந்த வரலாறு தெரியாமலே போய்விடும். அங்கே ஒவ்வொரு கட்டடத்தின் முன்பும் நின்று, இதற்கு முன் இங்கே நின்றது எதனால் விழுந்தது, யார் எதற்காகத் திரும்ப எழுப்பினார்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஒரு நாள் போதாது.

காலையில் வெயில் ஏறுவதற்கு முன் சாந்தியாகோ கோட்டையிலிருந்து தொடங்குங்கள். பாசிக் ஆறு கடலில் கலக்கும் அந்த முனையில் ஸ்பானியர்கள் வருவதற்கு முன் ராஜா சுலைமானின் மரக்கோட்டை இருந்தது. அவர் இஸ்லாமிய அரசர். 1571இல் மிகேல் லோபெஸ் தெ லெகாஸ்பி அந்த இடத்தைக் கைப்பற்றி ஸ்பானிய நகரை நிறுவினார். கோட்டை வாயிலின் மேலே பாருங்கள்: ஸ்பெயினின் காவல் புனிதரான சாந்தியாகோ, குதிரைமேல் அமர்ந்து முஸ்லிம் வீரர்களை மிதித்துச் செல்லும் புடைப்புச் சிற்பம். சுலைமானின் மண்ணில் அதைப் பொறித்தவர்களுக்குத் தாம் செய்வது என்னவென்று நன்றாகத் தெரிந்திருக்கும். போரில் சிதைந்த அந்த வாயிலை 1980களில் பிலிப்பைன்ஸ் அரசு பழைய வடிவிலேயே திரும்பக் கட்டியது. தன்னை வென்றவனின் பெருமிதத்தை ஒரு சுதந்திர நாடு தன் செலவில் மீட்டுவைத்திருக்கிறது என்பது அசல் வாயிலைக் காட்டிலும் யோசிக்க வைப்பதாக எனக்குப் படுகிறது.

உள்ளே, பிலிப்பைன்ஸின் தேசிய வீரராகப் போற்றப்படும் எழுத்தாளர் ஹோசே ரிசால் சிறை வைக்கப்பட்டிருந்த இடம் இருக்கிறது. 1896 டிசம்பர் 30 அன்று அவர் சுட்டுக் கொல்லப்பட்ட திடலை நோக்கி நடந்த வழியைப் வெண்கலப் பாதச்சுவடுகளாகத் தரையில் பதித்திருக்கிறார்கள். பலரும் அவற்றின்மேல் தம் காலை வைத்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். நீங்கள் அதைச் செய்யாமல் இருந்தால் மகிழ்வேன்.

அடுத்தது மதில். 1590களில் ஆளுநர் கோமெஸ் பெரெஸ் தஸ்மரின்யாஸ் தொடங்கியது. ஆற்றோரக் குவாதலூப்பே பகுதியில் வெட்டிய எரிமலைக் கல்லால், உள்ளூர் மக்களும் சீனர்களும் உழைத்து எழுப்பியது. ஏறத்தாழ 64 ஹெக்டேர் நிலத்தை அது சூழ்ந்திருக்கிறது. அந்தச் சீனர்கள் குடியிருந்த பரியான் மதிலுக்கு வெளியே, பீரங்கிக்கு எட்டும் தொலைவில் வைக்கப்பட்டிருந்தது என்பதையும் மேலிருந்து பார்க்கும்போது நினைத்துக்கொள்ளுங்கள். மதிலைச் சுற்றி இருந்த அகழியை, ஸ்பானியர்களுக்குப் பின் ஆள வந்த அமெரிக்கர்கள் தூர்த்தார்கள்; இப்போது அங்கே கோல்ஃப் ஆடுகிறார்கள்.

தென்மேற்கு மூலையில் உள்ள சான் தியேகோ கொத்தளத்தை மட்டும் தவறவிடாதீர்கள். மதிலுக்கும் முந்தைய வட்டக் கற்கோட்டை ஒன்றின் அடித்தளத்தை அங்கே அகழ்ந்து எடுத்திருக்கிறார்கள். வேறொரு காரணமும் உண்டு. 1762இல் இந்தக் கொத்தளத்தைத்தான் ஆங்கிலேயர்கள் பீரங்கியால் பிளந்து உள்ளே புகுந்தார்கள். அந்தப் படை கப்பலேறியது நம் சென்னையில். தலைமை தாங்கிய வில்லியம் டிரேப்பர், அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன் பிரெஞ்சுத் தளபதி லாலியின் முற்றுகையிலிருந்து புனித ஜார்ஜ் கோட்டையைக் காத்தவர்களில் ஒருவர். அவரோடு மதராஸ் சிப்பாய்களும் சென்றார்கள். செப்டம்பர் இறுதியில் மதிலுக்குத் தெற்கே கரையிறங்கிய படை அக்டோபர் 6 அன்று நகரைப் பிடித்துக் கொள்ளையடித்தது. 1764இல் ஆங்கிலேயர்கள் வெளியேறியபோது சிப்பாய்களில் ஒரு பகுதியினர் திரும்பவில்லை. மணிலாவுக்குக் கிழக்கே உள்ள கைந்தா என்ற ஊரில் குடும்பம் அமைத்துத் தங்கிவிட்டார்கள்.

சென்னைக்கும் மணிலாவுக்கும் அதற்கு முன்பே உறவு இருந்தது. ஆங்கிலக் கப்பல்களுக்கு மணிலாத் துறைமுகத்தில் அனுமதி கிடையாது என்பதால், சோழமண்டலக் கரையின் பருத்தித் துணி ஆர்மீனிய வணிகர்களின் பெயரில் அங்கே சென்றது. அங்கிருந்து மெக்சிகோவின் அகாபுல்கோ துறைமுகத்துக்குப் போகும் ஸ்பானியக் கப்பல்களில் ஏறியது. மெக்சிகோவின் வெள்ளி எதிர்த்திசையில் வந்தது. மணிலா வணிகத்தில் பெரும்பொருள் ஈட்டிய கோஜா பெத்ருஸ் உஸ்கான் என்ற ஆர்மீனியர்தான் 1726இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே மர்மலாங் பாலத்தைக் கட்டியவர். இன்று அங்கே மறைமலை அடிகள் பாலம் இருக்கிறது. பரங்கிமலைப் படிக்கட்டும் அவர் கொடைதான்.

இனி புனித அகஸ்தீன் தேவாலயம். 1607இல் கட்டி முடிக்கப்பட்டு, 1645, 1863 ஆண்டுகளின் பெரும் நிலநடுக்கங்களைத் தாங்கி, 1945இலும் சுவர் சாயாமல் நின்றது. 1880 நிலநடுக்கத்தில் பிளந்த ஒரு மணிக்கூண்டை மட்டும் பிறகு அகற்றிவிட்டார்கள். முகப்பு ஒருபக்கம் மொட்டையாக இருப்பதற்கு அதுவே காரணம். வாசலில் கருங்கல்லில் சீனச் சிங்கங்கள் காவல் இருக்கின்றன. உள்ளே சென்று அண்ணாந்து பாருங்கள். வளைவுக் கூரை முழுவதும் மலர்களும் சதுரக் குழிவுகளும் ஆழமாகச் செதுக்கியவைபோலத் தெரியும். நன்றாக உற்றுப் பார்த்தால்தான் நிழல் எதுவும் வெளிச்சத்துக்கேற்ப மாறவில்லை என்பது புலப்படும். அத்தனையும் 1875இல் இரண்டு இத்தாலிய ஓவியர்கள் தட்டைப் பரப்பில் வரைந்தவை. ஊரிலேயே அசல் என்று எல்லாரும் ஒப்புக்கொள்ளும் கட்டடத்தின் பெருமைக்குரிய பகுதி, செதுக்கியதுபோல் நடிக்கும் ஓவியம். உங்கள் நண்பர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். 1898இல் அமெரிக்கர்களிடம் மணிலாவைச் சரணளிக்கும் நிபந்தனைகளை ஸ்பானிய ஆளுநர் தயாரித்ததும் இந்தத் தேவாலய வளாகத்தில்தான். லெகாஸ்பியின் கல்லறையும் இங்கேதான் இருக்கிறது. பக்கத்து மடத்தில் உள்ள அருங்காட்சியகத்துக்கும் நேரம் ஒதுக்குங்கள்.

எதிரே உள்ள காசா மணிலாவை உங்கள் நண்பர்கள் போலி என்று சொன்னால் நான் வாதாட மாட்டேன். பத்தொன்பதாம் நூற்றாண்டுச் செல்வர் வீட்டைப்போல 1980களில் கட்டப்பட்டது அது. சிப்பி ஓடு பதித்த சன்னல்களைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம். அங்கிருந்து சிறிது தூரத்தில், 1945இல் மாண்ட மக்களுக்காக 1995இல் வைத்த நினைவுச் சின்னம் இருக்கிறது. சுற்றுலா வண்டிகள் அதைக் கடந்து போய்விடும், நீங்கள் நின்று பாருங்கள்.

அப்பாவைப் பொறுத்தவரை, மதில்மேல் ஏறுவதும் கொத்தளப் படிகளும் அவருக்குச் சிரமமாக இருக்கலாம். கோட்டையும் இரண்டு தேவாலயங்களும் சமதளத்தில் உள்ளவை. இடையே உள்ள தூரத்துக்குக் கலேசா என்னும் குதிரை வண்டி கிடைக்கும். ஏறுவதற்கு முன்பே கூலியைப் பேசிவிடுங்கள், மணிக்கு எவ்வளவு என்றும் தலைக்கு எவ்வளவு என்றும் தனித்தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். சனிக்கிழமை என்றால் புனித அகஸ்தீனில் திருமணங்கள் நடந்துகொண்டிருக்கக்கூடும். காலையிலேயே அங்கே போய்விட்டுப் பிறகு கோட்டைக்கு வருவது நல்லது.

அன்புடன்.