தோட்டத்துக்கு ஆள் கிடைக்கவில்லையா?

கேள்வி: ஏற்காட்டில் அப்பா காலத்துச் சின்னக் காபித் தோட்டம் வைத்திருக்கிறேன். காலைச் சோறு அரசாங்கம் போடுகிறது, மதியச் சோறும் அதுவே போடுகிறது, பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வேறு. பழம் பறிக்கத்தான் ஆள் இல்லை. எங்கள் அப்பாவைப் பெற்ற பாட்டிக்கு ஒன்பது பிள்ளைகள். எந்த அரசாங்கம் வளர்த்தது? பெற்றவர்கள் வளர்க்கட்டும், என் வரிப்பணம் ரோடு போடட்டும். அங்கன்வாடிகளுக்கு இன்னும் பணம் ஒதுக்க வேண்டும் என்று போன இதழில் எழுதினீர்களே, எந்த நியாயத்தில்?

(பெயர் வேண்டாம், அஸ்தம்பட்டி, சேலம்)

பதில்: பெயரை மறைத்துவிட்டேன் ஐயா. பாட்டியை மறைக்க முடியாது, நீங்களே சாட்சிக்குக் கூட்டி வந்திருக்கிறீர்கள்.

ஒன்பது பிள்ளைகளையும் அவர் ஒருவரா வளர்த்தார்? கூட்டுக் குடும்பத்தில் நாலைந்து கைகள் இருந்திருக்கும். அதில் அதிகம் உழைத்த கை மூத்த மகளுடையதாக இருக்கும், அதாவது உங்கள் பெரிய அத்தை. அவர் எத்தனாவது வரை படித்தார் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். எங்கள் பெரியம்மா மூன்றாம் வகுப்போடு நின்றார். வீட்டில் காசு இல்லாமல் இல்லை. என் அம்மா பிறந்துவிட்டார், தூக்கி வைத்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. அவ்வளவுதான். பெரியம்மா கடைசி வரை பஸ் போர்டைப் படிக்கப் பக்கத்தில் இருப்பவரைத்தான் கேட்பார்.

அரசாங்கம் பணம் போடாத காலத்தில் பிள்ளை வளர்ப்புக்குச் செலவே ஆகவில்லை என்று நமக்கு ஒரு நினைப்பு. ஆகியிருக்கிறது. பத்து வயதுப் பெண் ஒருத்தி அதைக் கட்டியிருக்கிறாள். ரசீது மட்டும் யாரும் போடவில்லை.

பழைய கதை என்று தள்ளிவிடாதீர்கள். போன ஜனவரியில், பழம் பறிக்கும் மும்முரத்தில், இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி உங்கள் ஊர்ப் பக்கம் வந்திருந்தேன். எஸ்டேட் பாதையில் ஒரு சிறுமி, யூனிஃபார்ம் பாவாடை, மேலே பழைய ஸ்வெட்டர், இடுப்பில் தம்பி. கிழமை புதன். பள்ளிக்கூடம் இல்லையா என்றேன். "அம்மா பழத்துக்குப் போயிருக்கு" என்றாள். கேட்ட கேள்விக்கு அதுதான் முழுப் பதில். அந்த ஊரில் பால்வாடி இருக்கிறது, டீச்சரும் இருக்கிறார், நல்லவர். ஆயா வேலைதான் காலியாகக் கிடக்கிறது. டீச்சரே அடுப்பு பற்றவைத்து, எடை போட்டு, பதிவேடு எழுதி, செல்போனில் அதையே மறுபடி ஏற்ற வேண்டும். மையம் திறப்பதற்குள் அம்மாக்கள் தோட்டத்தில் இருக்கிறார்கள், மூடிய பிறகுதான் வீடு திரும்புகிறார்கள். நடுவில் இருக்கும் அந்த நேரத்தைத்தான் அக்கா இடுப்பில் சுமக்கிறாள். (ஊர்ப் பெயரைக் கேட்காதீர்கள். சொன்னால் டீச்சருக்கு மெமோ வரும், ஆயா வரமாட்டார்.)

இப்போது உங்கள் ஆள் பஞ்சத்துக்கு வருகிறேன். மாதம் ஆயிரம் ரூபாய் என்பது நாளைக்கு 33 ரூபாய். அதை வாங்கிக்கொண்டு ஒரு பெண் கூலியை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள் என்று நீங்கள் மனதார நம்பினால், நீங்கள் கொடுக்கும் கூலி எவ்வளவு என்று எனக்குத் தனியாக ஒரு கடிதம் போடுங்கள். திருப்பூருக்கும் கோவைக்கும் ஆள் போகிறது, அது உண்மை. ஆனால் மலையிலேயே இருக்கும் பெண்களில் எத்தனை பேர் கைக்குழந்தையை விட இடம் இல்லாமல் நிற்கிறார்கள் என்று விசாரித்ததுண்டா?

இந்தக் கவலை எனக்கு மட்டும் வந்ததில்லை. 1951-ல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டமே இதை யோசித்திருக்கிறது. 50 பெண்கள் வேலை செய்தாலோ, பின்னால் வந்த திருத்தத்தின்படி அவர்களுடைய பிள்ளைகள் 20 பேர் இருந்தாலோ, தோட்டக்காரர் குழந்தைக் காப்பகம் நடத்த வேண்டும் என்றது. பெரிய எஸ்டேட்டுக்கு அது சரி. உங்களுடையது சின்னத் தோட்டம், பறிப்புக்குப் பத்துப் பதினைந்து பேர் வருவார்களா? சட்டம் உங்களைத் தொடாது. நீங்களாகவே காப்பகம் வைக்கலாம் என்றாலும் கட்டுப்படியாகாது. பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கும் அதே கதைதான். அப்புறம் யார் வைப்பது? பத்துச் சின்னத் தோட்டங்களுக்கு நடுவில் ஒரு பால்வாடி, காலை ஏழரைக்குத் திறந்து மாலை ஐந்தரைக்கு மூடினால் உங்கள் பத்துப் பேருக்கும் சேர்த்துத்தான் அது வேலை செய்யும். நான் கேட்கும் பணம் உங்கள் தோட்டத்துக்குப் போடும் உரம் மாதிரி. அதை இலவசம் என்று நீங்களே திட்டுகிறீர்கள்.

எவ்வளவு பணம் என்கிறீர்களா? அங்கன்வாடிக் குழந்தையின் சத்துணவுக்கு மத்திய அரசு 2017-ல் வைத்த கணக்கு நாளைக்கு 8 ரூபாய். எடை மிகவும் குறைந்த குழந்தை என்றால் 12. இதில் பாதியை மாநிலம் போட வேண்டும். நம் சேலத்தில் சாயங்காலம் ஒரு தட்டுவடை செட் சாப்பிட்டுவிட்டு நீட்டும் காசில் ஒரு குழந்தையின் மூன்று நாள் கணக்கு முடிந்துவிடும். இந்தக் காசில்தான் நாட்டையே ஓட்டாண்டி ஆக்குகிறார்களாம்.

காலை உணவுத் திட்டம் 2022-ல் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை. நல்ல காரியம், இந்தப் பக்கத்திலேயே பாராட்டினேன். ஆனால் அக்காவுக்கு உப்புமா கிடைக்கிறது, மூன்று வயதுத் தம்பி ஒன்றாம் வகுப்பில் இல்லாததால் அவனுக்கு இல்லை. அவனுக்குக் காலையில் பசிக்காது என்று எந்த டாக்டர் சொன்னார்?

கையில் காசு இல்லை என்ற பாட்டுக்கும் வயது நூறு தாண்டிவிட்டது. 1920-ல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு போடத் தொடங்கியபோது, ஒரு பிள்ளைக்கு நாளைக்கு ஓரணாவுக்கு மேல் போகக் கூடாது என்று கட்டுப்பாடு வைத்தார்கள். கல்வி நிதியில் சோற்றுக்குச் செலவு செய்யக் கூடாது என்று வெள்ளைக்காரன் சொல்ல, சில வருடங்களில் அது நின்றது. காமராஜர் வந்து 1956-ல்தான் மாநிலம் முழுக்க மறுபடி உலை வைத்தார். 1982-ல் எம்.ஜி.ஆர். அதைப் பெரிதாக்கியபோதும் பட்ஜெட் தாங்காது என்று பெரிய மனிதர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். தாங்கியது.

சேலத்துக்காரராக இருந்துகொண்டு நீங்கள் இதைக் கேட்டதுதான் எனக்கு உறுத்தல். 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் எந்த ஊரில் தொடங்கியது? இங்கேதான். அதற்கு முந்தைய வருடக் கணக்கெடுப்பில், ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளில் ஆயிரம் ஆணுக்கு 850 பெண்கூட இல்லாத மாவட்டம் இது. வேண்டாத பெண் குழந்தையைக் கொல்லாதே, தொட்டிலில் போட்டுவிட்டுப் போ என்று அரசாங்கம் கெஞ்சியது. அந்தத் தொட்டில் சில உயிர்களைக் காப்பாற்றியது, மறுக்கவில்லை. 2011-ல் அந்த எண் 900-ஐத் தாண்டியபோது அதற்குத் தொட்டில் மட்டும் காரணம் என்று சொல்லவும் மாட்டேன். ஆனால் பெற்றவளிடமிருந்து குழந்தையை வாங்கிக்கொள்ள வாசலில் தொட்டில் வைத்த அரசாங்கம், பெற்றவளே வளர்க்கட்டும் என்று ஒத்தாசை செய்யும்போது மட்டும் எங்கிருந்தோ "என் வரிப்பணம்" என்ற குரல் வருகிறது. தொட்டிலுக்கு யாரும் வரிக்கணக்குக் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

வரி என்றதும் ஞாபகம் வருகிறது. அந்தப் பழம் பறிக்கும் அம்மாவும் சோப்புக்கு வரி கட்டுகிறார். உங்கள் ரோட்டில் அவர் பங்கும் இருக்கிறது.

அங்கன்வாடிகளில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று சொல்ல வரவில்லை. ஒழுகும் கூரை, ஆள் இல்லாத இடம், அளவில் திருட்டு, எல்லாம் உண்டு. அதைக் கேளுங்கள், நானும் சேர்ந்து கேட்கிறேன். பால்வாடியில் ஓட்டை என்றால் ஓட்டையை அடைக்கச் சொல்லலாமே, பால்வாடியையே எதற்கு மூட வேண்டும்? உங்கள் காபிச் செடியில் தண்டுத் துளைப்பான் விழுந்தால் தோட்டத்தையா கொளுத்துகிறீர்கள்?

பட்ஜெட்டுக்கு முன்னால் உங்கள் தோட்டக்காரர்கள் காபி விலை, காட்டெருமைச் சேதம் என்று மனு கொடுப்பீர்கள் அல்லவா? இந்த முறை அதில் மூன்று வரி சேருங்கள். காலியாகக் கிடக்கும் ஆயா இடத்தை நிரப்புங்கள், நவம்பர் முதல் பிப்ரவரி வரை தோட்டக் கிராமங்களில் பால்வாடியைப் பறிப்பு நேரத்துக்கு ஏற்பத் திறந்து வையுங்கள், காலை உணவை அங்கேயும் கொடுங்கள். அவ்வளவு போதும். அப்படி ஒரு மனு வந்தால் இந்தப் பக்கத்தில் முழுசாகப் போடுகிறேன். பெயர் வேண்டாம் என்றால் பெயர் இல்லாமலே.