கைவீக்கம், குரோஷா, கடைசி பஸ்: வாசகியர் கேள்விகளும் பதில்களும்

நீலகிரியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் வந்த கேள்விகளை இந்த இதழில் சேர்த்து எடுத்துக்கொண்டோம். புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் பெண்களும், அவர்களுக்காகக் குழு தொடங்க நினைப்பவர்களும் எழுதியிருக்கிறார்கள். ஒரு செவிலியர், ஓர் இயன்முறை மருத்துவர், ஒரு சமூகப் பணியாளர் மூவரும் பதில் தருகிறார்கள்.

அம்மாவுக்கு வலது மார்பை எடுத்து ஏழு மாதம் ஆகிறது. அக்குளில் நிணநீர் முடிச்சுகளையும் எடுத்துவிட்டார்கள். இனி கனமே தூக்கக் கூடாது என்கிறார்கள் லைன் வீட்டுக்காரர்கள். இலை பறிக்கப் போகாவிட்டால் வீடு ஓடாது. போகலாமா?
– குன்னூர் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து ஒரு மகள்

போகலாம். ஆனால் நேராக மலைச்சரிவுக்குப் போகக் கூடாது; கையைப் பழக்கிவிட்டுப் போக வேண்டும்.

அக்குள் முடிச்சுகளை எடுத்தபின் நிணநீர் தேங்கிக் கை வீங்கலாம்; அந்தப் பயத்தில் சொன்ன பழைய அறிவுரைதான் கனமே தூக்கக் கூடாது என்பது. கைவீக்கம் உள்ள 141 பெண்களை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 2009-ல் வெளியானது. வாரம் இரண்டு முறை, சிறு எடையில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டியவர்களுக்கு வீக்கம் அதிகமாகவில்லை. மாறாக, வீக்கம் திடீரென முற்றுவது அவர்களிடம் குறைவாகவே இருந்தது. கெடுதல் செய்வது எடை அல்ல, பழகாத கையில் ஒரே நாளில் ஏற்றும் எடை. மாதக்கணக்கில் சும்மா இருந்த கை முதல் நாளே முழு மூட்டையைச் சுமந்தால் நிணநீர் வடிய வழியில்லாமல் தேங்கிவிடும்.

முதலில் டாக்டரிடம் சரி என்று வாங்கிக்கொள்ளுங்கள். தோள் முழுதாக மேலே போகிறதா என்று பாருங்கள்: சுவரைப் பார்த்து நின்று, விரல்களால் சுவரில் 'நடந்து' கையை மேலே ஏற்ற வேண்டும். இழுத்துப் பிடிக்கும் இடத்தில் ஐந்து எண்ணும்வரை நிறுத்தி இறக்கவும். ஒரு வேளைக்குப் பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. கை காதுக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான் எடை. அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் அரைக் கிலோ. அதைப் பிடித்து முழங்கையை மடக்கி நீட்டுவது பத்து முறை, சற்று ஓய்வு, மறுபடி பத்து. வாரம் இரண்டு நாள் போதும். இரண்டு வாரம் கையில் மாற்றம் இல்லை என்றால் ஒரு லிட்டர் பாட்டில். அவசரப்பட வேண்டாம்.

மாற்றம் இல்லை என்பதைக் கண்ணால் முடிவு செய்யாதீர்கள். தையல் டேப்பை எடுத்து, முழங்கை மடிப்பிலிருந்து 10 செ.மீ. மேலேயும் 10 செ.மீ. கீழேயும் பேனாவால் குறியிட்டு இரண்டு கைகளையும் அளந்து காலண்டரில் எழுதுங்கள். மாதம் ஒருமுறை, எப்போதும் காலை நேரத்தில் அளக்க வேண்டும்; சாயங்காலம் எல்லாக் கையும் சற்றுப் பருத்துத்தான் இருக்கும். முன்பு இல்லாத 2 செ.மீ. வித்தியாசம் வந்தால், அல்லது வளையல் திடீரென இறுகினால், இயன்முறை மருத்துவரைப் பாருங்கள். வர வழியில்லாவிட்டால் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே இயன்முறை சிகிச்சை உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுக்க வேண்டும்.

தோட்டத்தில் முதல் சில வாரங்களுக்கு அரை நாள் வேலை அல்லது நாற்றங்கால் வேலை கேட்டு டாக்டரிடம் எழுத்தில் வாங்கிக் கொடுங்கள். வாய்ச்சொல் மேஸ்திரியிடம் எடுபடாது. பையின் பட்டை அறுவை செய்த பக்கத் தோளில் விழக் கூடாது. பை நிறையும்வரை காத்திருக்காமல் பாதியிலேயே கொட்டிவிடலாம். அரை மணிக்கு ஒருமுறை கையைத் தலைக்கு மேல் தூக்கி விரல்களைப் பத்து முறை மூடித் திறந்தால், தசை சுருங்கி விரிந்து நீரை மேலே தள்ளும்.

கீறலும் அட்டைக்கடியும் பெரிய விஷயம். அந்தக் கையில் கிருமி நுழைந்தால் பரவுவது வேகம். நீளக் கை சட்டையும் கையுறையும் போடட்டும். கீறினால் சோப்புத் தண்ணீரில் கழுவி மருந்து போட வேண்டும். கை சிவந்து, சூடாகி, குளிர்காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. பிரஷர் பார்க்கவும் ஊசி போடவும் முடிந்தவரை இடது கையைக் கொடுக்கச் சொல்லுங்கள்.

இறுக்க உறை (வீக்கத்தை அடக்கக் கையில் மாட்டும் எலாஸ்டிக் உறை) எழுதிக் கொடுத்திருந்தால் இரண்டு வாங்குங்கள். மழை மாதத்தில் ஒன்று காய இரண்டு நாள் ஆகும். கணப்புக்கு மேல் தொங்கவிட்டால் எலாஸ்டிக் செத்துவிடும். பிறகு அது வெறும் துணி. முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி நிழலில் காயப்போடவும். ஆறு மாதத்துக்கு மேல் எந்த உறையிலும் பிடிப்பு இருக்காது.

வீங்கிய கையில் நீலகிரித் தைலம் தேய்க்கலாமா? எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் அதுதான்.
– ஊட்டி வாசகி

தலைவலிக்குத் தேய்ப்பதில் எங்களுக்கு வழக்கில்லை. வீங்கிய கையில் வேண்டாம்: தோல் எரிந்து வெடித்தால் அதுவே கிருமிக்கு வாசல். அழுத்தித் தேய்ப்பதும் சூடும் வீக்கத்தைக் கூட்டும். கதிர்வீச்சு பட்ட இடத்தில் அறவே கூடாது. கீமோ வாங்கிய வாரத்தில் அந்த வாடையே சிலருக்குக் குமட்டலைக் கிளப்பும் என்பதால், பக்கத்தில் இருப்பவர்களும் பூசிக்கொள்ளாமல் இருப்பது நல்லது. வெந்நீர்ப் பை பற்றியும் ஒரு வார்த்தை: சில கீமோ மருந்துகளால் விரல்களும் பாதமும் மரத்திருக்கும், சுடுவது தெரியாமலே கொப்பளித்துவிடும்.

நாங்கள் எட்டுப் பேர் ஸ்வெட்டர் பின்னுகிறவர்கள். மார்பு எடுத்த பெண்களுக்கு, உள்ளாடைக்குள் வைத்துக்கொள்ளும் பின்னல் மார்பகம் செய்து கொடுக்க ஆசை. ஒரு மாதிரி செய்தோம், வாங்கியவர் "அரிக்கிறது, மேலே ஏறிவிடுகிறது" என்றார். எங்கே தவறு?
– லவ்டேல் வாசகிகள்

அரிப்புக்குக் காரணம் நூல். கம்பளி தழும்பில் உரசும். மென்மையான பருத்தி நூல் மட்டும் எடுங்கள். மேலே ஏறுவதற்குக் காரணம் எடை இல்லாமை.

3 மி.மீ. குரோஷா ஊசியில் நடுத்தரப் பருமன் நூலுக்கு ஓர் அளவு சொல்கிறோம். பின்பக்கத் தட்டு: ஆறு ஒற்றைக் குரோஷாவில் தொடங்கி ஒவ்வொரு சுற்றிலும் ஆறு கூட்டிக்கொண்டே 12 சுற்று; கடைசிச் சுற்றில் 72 தையல், சுமார் 12 செ.மீ. குறுக்களவு வரும். முன்பக்கம்: அதே போல எட்டுச் சுற்று, 48 தையல். அதன்பின் ஒரு சுற்று கூட்டி, ஒரு சுற்று கூட்டாமல் என மாற்றி மாற்றி 72-க்கு வரவும். கூட்டாத சுற்றுகள்தான் குவிவைக் கொடுக்கும். எல்லாச் சுற்றிலும் கூட்டினால் தோசைபோல் தட்டையாகிவிடும். இரண்டையும் விளிம்பில் இணைத்து, பின்பக்கத்தில் 4 செ.மீ. வாய் விட்டு நாடா கோர்க்கவும். வாய் இருந்தால்தான் அணிபவரே பஞ்சைக் கூட்டிக் குறைக்க முடியும்.

உள்ளே தலையணைக்குப் போடும் செயற்கைப் பஞ்சு. இலவம்பஞ்சும் பருத்திப் பஞ்சும் துவைத்தால் கட்டிதட்டிப்போகும், ஊட்டி மழையில் காயவும் செய்யாது. எடைக்கு, கோலிக்குண்டுகளைச் சிறு துணிப்பையில் தைத்துப் பஞ்சுக்கும் பின்தட்டுக்கும் நடுவே, கீழ்ப்பக்கமாக வைக்கவும். 50 கிராமில் தொடங்கி, அணிபவர் கண்ணாடி முன் நின்று இரண்டு பக்கமும் சமம் என்று சொல்லும்வரை கூட்டலாம். உள்ளாடையில் உட்புறமாக ஒரு பருத்திப் பை தைத்து அதில் சொருகினால் நகராது.

தழும்பு ஆறி, டாக்டர் சரி சொன்ன பிறகுதான் கொடுக்க வேண்டும். கதிர்வீச்சு நடக்கும்போது தோல் புண்ணாக இருந்தால் நிறுத்திவைக்கட்டும். கொடுக்கும்போது அளவு எடுக்கிறேன் என்று பத்துப் பேர் நடுவில் நிற்கவைக்காதீர்கள். தனி அறை, ஒருவர் மட்டும்.

தொப்பி பின்னுவோருக்கு ஒன்று: முடி கொட்டிய தலை அளவில் சற்றுச் சிறுத்துவிடும். பழைய அளவில் பின்னினால் கண்ணை மறைக்கும். உள்ளே பருத்தித் துணி வைத்துத் தையல் வெளிப்பக்கம் வரும்படி செய்யுங்கள்.

கோத்தகிரியில் ஒரு குழு தொடங்கினோம். முதல் கூட்டத்துக்கு 22 பேர், மூன்றாவதற்கு 4 பேர். பேச்சாளர், டீ, பிஸ்கட் எல்லாம் இருந்தும் ஏன் வரவில்லை?
– ஒரு மகளிர் சுயஉதவிக் குழுத் தலைவி

பேச்சாளர் இருந்ததால்தான் என்று சந்தேகிக்கிறோம். ஆஸ்பத்திரியில் கேட்டுக் களைத்தவர்களுக்கு இன்னொரு உரை எதற்கு? எட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்து, "வாய்ப்புண்ணுக்கு நீ என்ன செய்தாய்" என்று கேட்டுக்கொள்வது போதும். (ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் சமையல் சோடா; சாப்பிட்டதும் படுக்கும் முன்னும் கொப்பளிக்க வேண்டும், விழுங்கக் கூடாது. தினமும் புதிதாகக் கலக்கவும்.) 22 பேர் வந்தால் இரண்டு குழுவாக்குங்கள்.

அடுத்தது நேரம். உங்கள் கூட்டம் பிற்பகல் மூன்றுக்கு என்று எழுதியிருந்தீர்கள். மூன்றுக்குத் தொடங்கினால் முடியும்போது மூடுபனி இறங்கிவிடும், கடைசி பஸ் பயம் பிடித்துக்கொள்ளும், இருட்டினால் பாதையில் காட்டெருமை. ஞாயிறு காலை பதினொன்று முதல் பன்னிரண்டரை என்று வையுங்கள். சம்பள நாளும் சந்தை நாளும் தவிர்க்கவும். ஊருக்குள் ஓடும் சாதாரணக் கட்டண பஸ்ஸில் மலைப்பகுதிப் பெண்களுக்கும் 2024 முதல் கட்டணம் இல்லை. அந்த பஸ் நேரத்தை ஒட்டியே கூட்ட நேரம் இருக்கட்டும்.

இடம் கோயிலாகவோ சர்ச்சாகவோ இருந்தால் பாதிப் பேர் வர மாட்டார்கள். பள்ளி அறை, நூலகம் நல்லது. பாயில் உட்காரவைக்காதீர்கள்: குளிர்ந்த தரை, மரத்த பாதம், எழுந்திருக்கவே இன்னொருவர் கை வேண்டும். முதுகுச் சாய்வுள்ள நாற்காலி, பக்கத்திலேயே கழிப்பறை, வெந்நீர். கழிப்பறை தூரம் என்றால் கூட்டம் தேறாது. இதை யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், வராமல் இருந்துவிடுவார்கள்.

சளி, இருமல் உள்ளவர் அன்று வரக் கூடாது. கீமோ முடிந்து இரண்டாம் வாரத்தில் இருப்பவர் போனில் கலந்துகொள்ளட்டும். "இந்த மருந்தை நிறுத்து, இந்தக் கஷாயம் குடி" என்பதற்குக் குழுவில் இடமில்லை. போட்டோ எடுக்கக் கூடாது. அது பேஸ்புக்கில் வந்த அன்றே குழு கலைந்துவிடும். வீட்டில் சொல்லாமல் வருகிறவர்கள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம்.

கொடைக்கானல் ஏரியைச் சுற்றிக் குழுவாக நடக்கலாமா? இரண்டு பேர் இன்னும் கீமோவில் இருக்கிறார்கள்.

நல்ல இடம், பெரும்பாலும் சமதளம். ஆனால் முழுச் சுற்று சுமார் 5 கி.மீ. அதை இலக்காக வைக்காதீர்கள். ஊர் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கீமோவில் ரத்தம் குறைந்தவருக்கு இங்கே சீக்கிரம் மூச்சு வாங்கும். முதல் வாரம் பத்து நிமிடம் போய்த் திரும்பட்டும். நடந்துகொண்டே பேச முடிய வேண்டும். பேச்சு துண்டுதுண்டாக வந்தால் வேகம் அதிகம். மெதுவாக அரை மணி நேரம், வாரம் மூன்று நாள் என்ற அளவுக்கு வந்து இரண்டு, மூன்று மாதம் விடாமல் நடந்தால் சோர்வு குறைகிறது. படுத்தே கிடந்தால் சோர்வு கூடத்தான் செய்யும். நெஞ்சு வலி, தலைசுற்றல், காய்ச்சல் இருந்தால் அன்று நடை இல்லை. பின்னால் பட்டி உள்ள ஷூ, தொப்பி, முழுக்கை. மலைவெயில் குளிர்ச்சியாகத் தெரிந்தாலும் புற ஊதாக் கதிர் சமவெளியைவிட அதிகம். குழுவின் வேகம் எப்போதும் கடைசியில் வருபவரின் வேகமே.

அக்காவுக்குக் கீமோ முடிந்து ஒன்பதாம் நாள் காய்ச்சல். மாத்திரை கொடுத்து விடியும்வரை பார்க்கலாமா?
– பந்தலூர்

கூடாது. 100.4 டிகிரி காட்டினால் நடுராத்திரியானாலும் கிளம்ப வேண்டும். 7 முதல் 14 நாளுக்குள் வெள்ளணுக்கள் மிகக் குறைந்திருக்கும். மணிக்கணக்கில் நிலைமை மாறிவிடும். பாராசிட்டமால் காய்ச்சலை மறைக்குமே தவிர கிருமியைத் தொடாது. கோவைவரை இறங்கலாம் என்று காத்திருக்காமல், நரம்பில் ஆன்டிபயாடிக் ஏற்ற வசதியுள்ள பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள், 108-ஐ அழையுங்கள். போனதும் முதல் வாக்கியம்: "கீமோ வாங்கியவர், காய்ச்சல்." மருந்தின் பெயர், கடைசியாக வாங்கிய தேதி, ஆஸ்பத்திரி போன் எண் மூன்றையும் எழுதிய அட்டை பர்ஸிலேயே இருக்கட்டும்.

எல்லாக் கூட்டத்திலும் மார்பகம் பற்றியே பேசுகிறார்கள். எனக்குக் கருப்பை வாய். கதிர்வீச்சுக்குப் பிறகு வரும் பிரச்சினையை யாரிடம் கேட்பது?
– பெயர் வேண்டாம், கூடலூர்

நியாயமான குறை. கதிர்வீச்சுக்குப் பிறகு பிறப்புறுப்பு வறண்டு சுருங்கி ஒட்டிக்கொள்ளும்; பரிசோதனையே வலிக்கும். இதற்கு விரிப்பான் என்ற மழமழப்பான குழாய் இருக்கிறது. சிகிச்சை முடிந்து புண் ஆறிய சில வாரங்களில், டாக்டர் சொன்ன பிறகு, எண்ணெய் அல்லாத, தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட வழுக்கும் ஜெல் தடவி, வாரம் இரண்டு மூன்று முறை, ஐந்து முதல் பத்து நிமிடம். திருமணமாகாதவர், கணவரை இழந்தவர் என்றாலும் தேவை, ஏனென்றால் பின்னாள் பரிசோதனைக்கும் வழி வேண்டும். கதிர்வீச்சுப் பிரிவுச் செவிலியரிடம் நேராகக் கேளுங்கள். குழு நடத்துபவர்கள் இதற்குத் தனி நாள் ஒதுக்கலாம்.

மேட்டுப்பாளையத்திலிருந்து சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குப் போய்வர ரயில் சலுகை உண்டா?

உண்டு. ஆஸ்பத்திரி கொடுக்கும் சான்றிதழ்ப் படிவத்தோடு கவுன்டரில் எடுத்தால், ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் நோயாளிக்கு முழுச் சலுகை, துணைக்கு வருபவருக்கு 75 சதவீதம். நீலகிரி எக்ஸ்பிரஸுக்கும் பொருந்தும்.

குழுவில் ஒருவர் இறந்துவிட்டார். அடுத்த கூட்டத்தில் சொல்லலாமா, மறைக்கலாமா?
– கோத்தகிரி

மறைக்க முடியாது, நீங்கள் சொல்லும் முன்பே தெரிந்திருக்கும். கூட்டத்தில் முதல்முறையாகக் கேட்கும்படி விடாமல் ஒவ்வொருவரையும் முன்பே போனில் கூப்பிட்டுச் சொல்லுங்கள். அதே நோய், அதே மருந்து என்று இருப்பவருக்கு நேரில் போங்கள். கூட்டத்தை ஒத்திவைக்காதீர்கள், முதல் பத்து நிமிடம் அவரைப் பற்றிப் பேசிவிட்டு வழக்கமான வேலைக்குப் போங்கள். யாராவது எழுந்து வெளியே போனால் ஒருவர் மட்டும் கூடப் போகட்டும். அவர் பாதியில் விட்ட பின்னல் உங்களிடம் இருந்தால், அவருடைய வீட்டாரைக் கேட்காமல் முடிக்கவோ பிரிக்கவோ வேண்டாம்.