ஏரிக்கரையில் நான்கு இரவு: தண்ணீர், கழிவு, பேட்டரி எவ்வளவு தாங்கும்?

கேள்வி: நாங்கள் இருவர், பள்ளி செல்லும் பிள்ளைகள் இருவர். படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் மோட்டார்ஹோம் வண்டியை வாடகைக்கு எடுத்து, காட்டுக்குள் இருக்கும் ஓர் ஏரிக்கரையில் நான்கு இரவு தங்க நினைக்கிறோம். அங்கே மின்சாரம், குழாய்த் தண்ணீர், கழிப்பறை எதுவும் கிடையாது. வண்டியில் நன்னீர்த் தொட்டி 150 லிட்டர், சோப்புத் தண்ணீர்த் தொட்டி 110 லிட்டர், கழிப்பறைத் தொட்டி 75 லிட்டர். பேட்டரி 100 ஆம்பியர் மணி, ஈய-அமில வகை. இரவில் குளிரும் என்கிறார்கள். சமாளிக்க முடியுமா?

பதில்: ஒரே மூச்சில் நான்கு இரவு வேண்டாம். இரண்டு இரவு தங்குங்கள். பிறகு வண்டியை எடுத்துப்போய், அதற்கென உள்ள இடத்தில் கழிவை இறக்கி, தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்புங்கள். எல்லோரும் பேட்டரியை நினைத்துத்தான் பயப்படுவார்கள். உங்கள் வண்டியில் முதலில் நிரம்பப்போவது கழிப்பறைத் தொட்டி.

குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு 4 லிட்டர் என்றால் நாளைக்கு 16 லிட்டர். பாத்திரத்துக்கு 8, முகம் கை கழுவ 8, கழிப்பறைக்கு ஏறக்குறைய 18. மொத்தம் 50 லிட்டர். நான்கு நாளைக்கு 200 லிட்டர் வேண்டும், இருப்பது 150. குடிநீரை 20 லிட்டர் கேன்களில் தனியாக எடுத்துப்போனால் இந்தக் குறை தீர்ந்துவிடும். ஆனால் கழிவுக்கு அப்படிக் கேன் எதுவும் கிடையாது. கழிப்பறைத் தொட்டியில் தொடக்கத்தில் ஊற்றும் 10 லிட்டர், நான்கு நாள் ஊற்றும் 72 லிட்டர், நான்கு பேரின் கழிவு ஏறக்குறைய 24 லிட்டர். கூட்டினால் 106 வருகிறது. இரண்டு நாளில் காலி செய்தால் 58 லிட்டரோடு நிற்கும்.

தண்ணீரைக் குறைத்து ஊற்றிச் சமாளிக்கலாமே என்று தோன்றும். அதில்தான் சிக்கல். திரவம் போதாமல் போனால் மலம் கரையாமல் குழாய்க்கு நேர் கீழே குவிந்து இறுகிவிடும். பிறகு வால்வைத் திறந்தாலும் இறங்காது. அதனால்தான் காலித் தொட்டியில் முதலிலேயே 10 லிட்டர் தண்ணீரும் அதற்கான மருந்தும் ஊற்றச் சொல்கிறோம். வால்வைத் திறந்தே வைக்கும் பழக்கமும் வேண்டாம்: நீர் மட்டும் வடிந்துபோய்க் கெட்டியானது தங்கிவிடும். இறக்கும்போது முதலில் கழிப்பறைத் தொட்டி, அது முழுதும் வடிந்து வால்வை மூடிய பிறகு சோப்புத் தண்ணீர்த் தொட்டி. அந்தச் சோப்புத் தண்ணீரே குழாயைக் கழுவிவிடும். இதற்குத் தனிக் கையுறை வைத்திருங்கள். நன்னீர் பிடிக்கும் குழாயைக் கழிவு இறக்கும் குழாயோடு ஒரே பெட்டியில் போடவே கூடாது.

இரண்டு நாளுக்கு ஒருமுறை நிரப்பினால் குளியலுக்கும் தண்ணீர் மிஞ்சும். உடம்பை நனைத்துக் குழாயை மூடி, சோப்புப் போட்ட பிறகு திறந்தால் ஆளுக்கு 6 லிட்டருக்குள் முடியும். குழாயைத் திறந்துவிட்டு நின்றால் இரண்டே நிமிடத்தில் 12 லிட்டர் போய்விடும்.

அடுத்தது பேட்டரி. ஈய-அமில பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம், அதாவது 50 ஆம்பியர் மணி. அதற்கு மேல் திரும்பத் திரும்ப இறக்கினால் ஆயுள் குறைந்துவிடும். விளக்கும் தண்ணீர் மோட்டாரும் செல்பேசியும் சேர்ந்து நாளைக்கு 10 ஆம்பியர் மணிக்குள் அடங்கும். பெரிதாக இழுப்பது எரிவாயு ஹீட்டரின் விசிறி. எரிவாயுவில் ஓடும் ஹீட்டர்தானே, மின்சாரம் எதற்கு என்று ஏமாந்துவிட வேண்டாம். 6 ஆம்பியர் இழுக்கும் விசிறி இரவில் 4 மணி நேரம் ஓடினாலே 24 ஆம்பியர் மணி காலி. இப்படியே போனால் இரண்டு இரவில் 50ஐத் தாண்டிவிடும். அதனால் ஹீட்டரின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை 12 அல்லது 13 டிகிரியில் வைத்து, கனமான போர்வை எடுத்துப்போங்கள். காலையில் எதையும் இயக்காமல் பேட்டரியின் வோல்ட் அளவைப் பாருங்கள்: 12.6 வோல்ட்டுக்கு மேல் என்றால் நிறைவு, 12.2 என்றால் பாதி தீர்ந்தது. மரநிழலில் நிறுத்திவிட்டுச் சோலார் பலகையை நம்ப முடியாது. இன்வெர்ட்டரில் மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம். 1000 வாட் என்பது பேட்டரியிலிருந்து 90 ஆம்பியருக்கு மேல் இழுக்கும்.

ஃபிரிட்ஜ் எந்த வகை என்று வாடகைக்காரரிடம் கேளுங்கள். 12 வோல்ட் கம்ப்ரசர் வகையென்றால் அது மட்டுமே நாளைக்கு 30 முதல் 50 ஆம்பியர் மணி கேட்கும். அப்போது இன்னொரு பேட்டரி இல்லாமல் கிளம்பாதீர்கள். எரிவாயு வகை என்றால் வண்டி மட்டமாக நிற்க வேண்டும். சாய்வில் உள்ளே அம்மோனியாக் கரைசலின் ஓட்டம் தடைப்பட்டுக் குளிர்ச்சி நின்றுவிடும், நாளடைவில் ஃபிரிட்ஜே கெடும். சக்கரத்துக்கு அடியில் வைக்கும் சாய்வுக் கட்டைகளும் ஒரு மட்டப்பலகையும் இருந்தால் போதும்.

ஏரி அழகாகத் தெரிகிற இடம் பெரும்பாலும் வண்டி புதைகிற இடம். கோரைப்புல் முளைத்த ஓரமும், மேலே காய்ந்து அடியில் ஈரமான மணலும் 3 டன் வண்டியைத் தாங்காது. முதலில் இறங்கி நடந்து, குதிகாலால் ஓங்கி மிதித்துப் பாருங்கள். பள்ளம் விழுந்தாலோ நீர் கசிந்தாலோ பின்வாங்குங்கள். வண்டியின் முகம் வெளியேறும் பாதையைப் பார்த்தபடி, இன்ஜின் சுழற்றும் சக்கரங்கள் கெட்டித் தரையில் இருக்க வேண்டும். புதைந்துவிட்டால் ஆக்சிலரேட்டரை மிதிக்காதீர்கள், சக்கரம் தனக்குத் தானே குழி தோண்டும். மண்ணைத் தோண்டி எடுத்துப் பிடிமானப் பலகையைச் செருகி மெதுவாக ஏற்றுங்கள். வண்டியின் பக்கவாட்டில் விரிக்கும் வெயில் தட்டியை இரவிலும் வெளியே போகும்போதும் சுருட்டிவிடுங்கள்; திறந்த நீர்ப்பரப்பில் காற்று சொல்லாமல் எழும், கம்பிகள் வளைந்துவிடும்.

ஏரித் தண்ணீரை நன்னீர்த் தொட்டியில் ஊற்றக் கூடாது, அடுத்த முறையும் அந்தத் தொட்டி அசுத்தமாகவே இருக்கும். அவசரத்துக்குக் குடிக்க நேர்ந்தால் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கட்டும். 2000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம். பச்சைப் பெயின்ட் கொட்டியதுபோல் படலம் மிதந்தால் அது நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். அதன் நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது. பிள்ளைகளைக் கால் நனைக்கக்கூட விடாதீர்கள். பாத்திரத்தைக் கரையில் கழுவ வேண்டாம். மட்கும் சோப்பு என்று எழுதியிருந்தாலும் அது மட்குவதற்கு மண் வேண்டும், நீரில் அது நடக்காது. கழிவுநீரைத் தரையில் திறந்துவிடும் ஆசையும் வேண்டாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. எவ்வளவு குளிரினாலும் சமையல் அடுப்பை எரியவிட்டு வண்டியைச் சூடாக்காதீர்கள். ஜன்னல் அருகே ஜெனரேட்டரும் ஓடக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, தூங்குகிறவரை எழுப்பாமலே கொல்லும். வண்டியை வாங்கும்போதே அதற்கான அலாரத்தின் சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். ஒலிக்கவில்லை என்றால் மாற்றித் தரும்வரை சாவியை வாங்காதீர்கள்.