கவுலிங்கை எதைக்கொண்டு மாட்டுவது: கீலா, கேம்லாக்கா, ஸ்க்ரூவா?

கேள்வி: ஆர்வி-7 என்ற, நாமே கட்டிக்கொள்ளும் சின்ன விமானத்தின் கிட் ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். பயர்வால் (என்ஜினுக்குப் பின்னாலுள்ள தடுப்புத் தகடு) வேலை முடிந்துவிட்டது. என்ஜினை மூடும் கவுலிங்கை மாட்ட கிட்டோடு வந்த பியானோ கீலே (நீளக் கம்பி செருகும் நீண்ட கீல்) போதுமா, பணம் செலவழித்து கேம்லாக் (கால் சுற்றுத் திருப்பினால் மாட்டும் பூட்டு) வாங்கவேண்டுமா? சாதாரண ஸ்க்ரூவே போதும் என்கிறார் பக்கத்து ஹேங்கர்காரர்.

பதில்:

மூன்றையும் போட்டுப் பார்த்தவன் நான், அதுவும் ஒரே விமானத்தில். என்னுடையது வேறு கிட். 180 குதிரைசக்தி லைகமிங் ஓ-360 பூட்டிய இரண்டு சீட் அலுமினிய விமானம். முதலில் சுற்றிலும் கீல் வைத்தேன். அப்புறம் அடிப்பக்கம் ஸ்க்ரூவுக்கு மாறியது. அடுத்த குளிர்காலத்தில் மேல் விளிம்பு கேம்லாக் ஆனது. அதனால் கவுலிங் முழுக்க ஒரே வகைதான் என்று முடிவெடுக்காதீர்கள். ஒவ்வொரு விளிம்பையும் தனித்தனியாகப் பாருங்கள்.

"காற்று பிய்த்துக்கொண்டு போய்விடுமோ" என்ற பயம் எல்லோருக்கும் முதலில் வரும். எனக்கும் வந்தது. உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கடல்மட்டக் காற்றில் மணிக்கு 320 கிலோமீட்டர் போனால் எதிர்க்காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 490 கிலோ. மூக்கில் இருக்கும் இரண்டு வாய்கள் வழியாக நுழையும் காற்று, இந்த அழுத்தத்தில் பெரும்பகுதியோடு என்ஜினுக்கு மேலே தேங்கி நிற்கிறது. வெளியிலோ, மேல் கவுலின் வளைவில் காற்று வேகமெடுத்து உறிஞ்சுகிறது. ஆக மேல் கவுலை உள்ளேயிருந்து தள்ளவும் ஆளுண்டு, வெளியேயிருந்து இழுக்கவும் ஆளுண்டு. சரி, மொத்தம் அரை டன் என்றே வையுங்கள். 25 இடத்தில் பிடித்தால் ஒன்றுக்கு 20 கிலோ. சின்னக் கேம்லாக்கே இதைப் போலப் பல மடங்கு தாங்கும். கீலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அது விளிம்பு நெடுக சுமையைப் பகிர்ந்துகொள்கிறது.

கவுலிங்கைத் தின்பது அதிர்வுதான். நாலு சிலிண்டர் என்ஜின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வெடிக்கும். இரண்டு இலை புரொப்பல்லரும் சுற்றுக்கு இரண்டு முறை கவுலைத் தாண்டி வீசும். 2400 ஆர்பிஎம்மில் இது நொடிக்கு 80 அடி. ஒரு மணி நேரத்துக்கு 2,88,000. அலுமினியத்துக்கு இரும்பு மாதிரி "இந்த அளவுக்குக் கீழே எத்தனை முறை ஆட்டினாலும் உடையாது" என்ற எல்லை கிடையாது. சிறிய சுமைதான் என்றாலும் கணக்கு ஏறிக்கொண்டே போகும், ஒருநாள் விரிசல் விடும்.

எனக்கு 65 மணி நேரத்தில் விட்டது. எக்ஸாஸ்ட் குழாய் வெளியேறும் இடத்துக்குப் பக்கத்தில், அடிக் கீலில் கம்பி நுழையும் நான்கு காதுகள் முறிந்து கம்பி அம்மணமாகத் தெரிந்தது. 65 மணி என்றால் ஒரு கோடியே 87 லட்சம் அடி. ஆனால் பழியை அடி மேல் மட்டும் போட முடியாது. கீலின் இரண்டு பாதியும் அந்த இடத்தில் நேர்கோட்டில் சேரவே இல்லை. முழங்காலால் கவுலை அமுக்கிப் பிடித்துக்கொண்டு கம்பியைச் செருகியவன் நான்தான். அன்று முதல் அந்தக் காதுகள் எப்போதும் இழுபட்டுக்கொண்டே இருந்திருக்கின்றன. பறக்காத நேரத்திலும்.

இப்போது அந்த இடத்தில் எண் 8 ஸ்க்ரூ, பின்னால் நட் பிளேட் (தகட்டோடு பொருத்திய நட்), தலைக்கு அடியில் கிண்ண வாஷர். கீழ்க் கவுலை வருடாந்தரச் சோதனைக்கும் பெரிய வேலைகளுக்கும்தான் இறக்குகிறேன். அங்கே பத்துப் பதினைந்து ஸ்க்ரூ கழற்றுவது ஒரு சிரமமே இல்லை. உங்கள் பக்கத்து ஹேங்கர்காரர் சொல்வது இந்த இடத்துக்கு முழுக்கச் சரி. சுற்றிலும் ஸ்க்ரூ என்றால் வேண்டாம். அடிக்கடி கழற்றி மாட்டினால் ஸ்க்ரூ தலை தேயும், பைபர்கிளாஸ் ஓட்டை முட்டை வடிவம் ஆகும், வாஷர் ஒன்று எப்போதும் புல்லில் விழுந்து தொலையும்.

மேல் விளிம்புதான் யோசிக்கவேண்டிய இடம். பயர்வாலின் வளைவோடு கீலையும் வளைத்து, நீளக் கம்பியைப் பக்கத்திலிருந்து ஏற்றவேண்டும். கம்பி நுனியைத் தேய்த்துக் கூராக்கி, மெழுகு தடவி, டிரில்லில் மாட்டி மெதுவாகச் சுழற்றினால் போய்விடும் என்பார்கள். வெயிலில் போகும். பனிக்காலத்தில் நானும் என் மனைவியும் சேர்ந்து இருபது நிமிடம் போராடினோம். அந்த இருபது நிமிடத்தில் பேசியதை இங்கே எழுத முடியாது. இதன் விளைவு என்ன தெரியுமா? மேல் கவுலைத் திறப்பதைத் தள்ளிப்போட ஆரம்பித்தேன். ஆயில் மூடி வழியாக டிப்ஸ்டிக்கைப் பார்த்தால் போதாதா என்று. ஆயில் மாற்றத் திறந்த ஒருநாள், மூன்றாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் பிளாஞ்சில் சாம்பல் பூத்த மாதிரி கறை. கேஸ்கட் வழியே எக்ஸாஸ்ட் வாயு கசிந்துகொண்டிருந்தது. எத்தனை பறப்பாக என்று எனக்குத் தெரியாது, ஏனென்றால் நான் திறந்து பார்க்கவில்லை. அந்த வாரமே கேம்லாக் வாங்கிவிட்டேன்.

எவ்வளவு தடவை திறப்போம் என்று முன்கூட்டியே எண்ணிப் பாருங்கள். சோதனைப் பறப்பு வழக்கமாக 25 அல்லது 40 மணி நேரம். அந்தக் காலத்தில் கிட்டத்தட்ட ஒவ்வொரு பறப்புக்குப் பிறகும் மேல் கவுல் கீழே இறங்கும். அப்புறம், ஆயில் பில்டர் வைத்த என்ஜின் என்றால் 50 மணிக்கு ஒருமுறை ஆயில், இடையில் ஒயர் உரசல், கசிவு என்று ஏதாவது ஒன்று. பல நூறு டாலர் செலவு எனக்கு இதில் உறுத்தவில்லை. இப்போது தனி ஆளாக இரண்டு நிமிடத்தில் திறந்துவிடுகிறேன்.

கால் சுற்றுப் பூட்டிலும் வகை உண்டு. 1930களில் வில்லியம் ஸூஸ் கொண்டுவந்தது, வளைத்த ஒரு கம்பி ஸ்பிரிங்கின் மேல் ஸ்டட்டின் (நாம் திருப்பும் ஆணி) சுருள்வெட்டு ஏறிப் பிடிக்கும். எளிமையானது, ஆனால் அந்தக் கம்பி நாளடைவில் தளரும். கேம்லாக்கில் ஸ்பிரிங் ஸ்டட்டோடு சேர்ந்தது. குறுக்குப் பின் ஒன்று வாங்கியில் (ஸ்டட் போய் மாட்டும் எதிர்ப்பகுதி) இருக்கும் சரிவான கேமின் மேல் ஏறி உட்காரும். என்ஜின் கவுலுக்கு நான் கேம்லாக்தான் சொல்வேன். ஸ்கைபோல்ட் விற்கும் வாங்கிகளில் உயரத்தைத் திருகி மாற்றும் வசதி உண்டு, பைபர்கிளாஸ் வேலைக்கு அது பெரிய உதவி.

மாட்டும்போது இரண்டு இடத்தில் ஏமாந்துவிடாதீர்கள். ஒன்று, பூட்டுகளுக்கு நடுவிலுள்ள இடைவெளி. பணத்தைப் பார்த்து அகல வைத்தால் நடுவில் பைபர்கிளாஸ் தலையணை மாதிரி உப்பும். ஒன்பது சென்டிமீட்டர் எனக்குச் சரியாக வந்தது. இன்னொன்று, கவுல் சாண்ட்விச்சாக இருக்கும் பகுதியில் ஓட்டை போட்டால் உள்ளிருக்கும் தேன்கூடு மாதிரியான நிரப்பலைச் சுரண்டி எடுத்துவிட்டு, பருத்தி இழை கலந்த எபாக்சியால் நிரப்பவேண்டும். இல்லையென்றால் பூட்டு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக அமுக்கி, ஒருநாள் இறுக்கமே இருக்காது.

பக்கவாட்டு விளிம்பில் கீலை விட்டுவிட்டேன். நேர்க்கோடு, நேர்க்கம்பி, வெளியே ஒரு தலைகூடத் தெரியாது, பார்க்கவும் அழகு. கம்பி முன்பக்கமாக நகர்ந்து வந்தால் அங்கே இருப்பது புரொப்பல்லர் என்பதை மட்டும் மறக்காதீர்கள். நுனியை மடக்கி ஒரு சின்னத் தகட்டின் கீழ் ஸ்க்ரூவால் பூட்டியிருக்கிறேன், பறப்புக்கு முன் விரலால் தொட்டுப் பார்ப்பேன்.

ஸ்டட்களை இப்போதே ஆர்டர் செய்யாதீர்கள். அவற்றின் நீளம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான படிகளில் வரும். பிரைமரும் பெயின்ட்டும் ஏறியதும் உங்கள் கணக்கு ஒரு படி தள்ளிப்போகலாம். வாங்கிகளைப் பொருத்துங்கள், பெயின்ட் காயட்டும், அளந்து வாங்குங்கள். எல்லாவற்றையும் பூட்டியபின் ஒவ்வொரு தலையின் பள்ளத்துக்கும் நேராக, கவுலின் மேலும் சேர்த்து ஒரு சிவப்புக் கோடு போட்டேன். கோடு உடைந்து தெரிந்தால் அந்தப் பூட்டு பூட்டப்படவில்லை. பத்தடி தள்ளி நின்றே தெரியும்.