மருந்தடித்தவரின் கண்மணி சுருங்கினால் அது வெயில் மயக்கம் அல்ல

கேள்வி: சென்ற வாரம் பருத்திக்குப் புரொபெனோபாஸ் பூச்சிமருந்து அடித்துவிட்டு வந்த என் கணவருக்கு எச்சில் ஊறி, வியர்த்துக் கொட்டி, வாந்தி வந்தது. வெயில் மயக்கம்தான், மோர் கொடுங்கள் என்றார் மருந்துக்கடைக்காரர். மருந்தைக் குடிக்காமலே விஷம் ஏறுமா? இனியும் அவர் மருந்தடிக்கலாமா?
– வாசகி, பெரம்பலூர்

பதில்: ஏறும், அம்மா. புரொபெனோபாஸ் நரம்பைத் தாக்கும் ஆர்கனோபாஸ்பரஸ் வகையைச் சேர்ந்தது; தெளிப்பானின் மூடி கசிந்து முதுகு நனைந்த சட்டையோடு மாலை வரை வேலை செய்தால், தோல் வழியாகவே அது உடம்பில் இறங்கிவிடும்.

நரம்பு தசைக்கும் சுரப்பிக்கும் இடும் உத்தரவை அசிட்டைல்கோலின் என்ற பொருள் கொண்டுசேர்க்கிறது. சேர்த்ததும் கோலினெஸ்டரேஸ் என்ற நொதி அதைச் சிதைத்துவிடும். இந்த மருந்து அந்த நொதியைப் பிடித்துக்கொள்வதால், மடையை அடைக்க ஆளில்லாத வயலைப்போல, உத்தரவு ஓயாமல் பாய்ந்துகொண்டே இருக்கிறது. புழு சாவதும் மனிதருக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு முட்டுவதும் இதே வழியில்தான். வெயிலில் வாய் வறளும். இதிலோ எச்சில் வழியும், கண்மணி கடுகளவாகச் சுருங்கும். மோர் இதை முறிக்காது. இனி யாருக்காவது இப்படி வந்தால், சட்டையைக் கழற்றி, சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, மருந்துப் புட்டியோடு உடனே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்; இந்த விஷத்தை எதிர்க்கும் அட்ரோபின் ஊசி அங்கே உண்டு.

கடைக்காரர் வைத்தியம் சொல்வதும், இரண்டு புட்டிகளைக் கலந்து அடிக்கச் சொல்வதும், பில் தராமல் அனுப்புவதும் எனக்குப் பழகிப்போன கதை. மருந்தின் பெயரும் புட்டியின் தொகுதி எண்ணும் (பேட்ச் நம்பர்) எழுதிய பில் இல்லாவிட்டால், என்ன விஷம் என்று மருத்துவரிடம் காட்டவும் வழியில்லை, புகார் கொடுக்கவும் வழியில்லை. கடையைச் சோதிக்க ஆய்வாளர்கள் வருவார்கள் என்று காத்திருக்காமல், பில்லை நீங்களே கேட்டு வாங்குங்கள். அரசு எவ்வளவு மெதுவாக அசையும் என்பதற்கு ஒரு சான்று: பீகாரின் சாரண் மாவட்டத்தில் 2013-இல் இதே வகைப் பூச்சிமருந்தான மோனோகுரோட்டோபாஸ் கலந்த பள்ளி மதிய உணவால் 23 பிள்ளைகள் இறந்தார்கள்; 36 சத மோனோகுரோட்டோபாஸுக்கு மத்திய அரசின் தடையாணை வர 2023 ஆயிற்று.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். சிகிச்சையில் தெளிந்துவிட்டவருக்கும் ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள் கழுத்துத் தசை தளர்ந்து, தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாமல் போவதுண்டு; அடுத்து மூச்சுத் தசையும் சோரலாம். அட்ரோபின் அதற்குப் பயன்படாது, செயற்கைச் சுவாசமே தேவைப்படும். ஆகவே எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்று மறுநாளே வீட்டுக்கு அழைத்துவந்துவிடக் கூடாது.

உங்கள் கணவருக்கு அந்த நாட்கள் கடந்துவிட்டன. ஆனால் இழந்த நொதி முழுதாகத் திரும்ப மாதக்கணக்கில் ஆகலாம். அதற்குள் மறுபடி அடித்தால் குறைந்த மருந்தே அவரைச் சாய்த்துவிடும். இரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் அளவைப் பார்த்து, மருத்துவர் சரி என்று சொல்லும்வரை தெளிப்பானை அவர் தோளில் ஏற்றவே விடாதீர்கள்.