ஒரே டிக்கெட்டில் எட்டுப் பேர்

கேள்வி: டைட்டானிக் விபத்தில் உயிர் தப்பிய சீனர்களைப் பற்றி நூறு வருடமாக ஏன் யாருமே பேசவில்லை?

பேசாமல் இல்லை. 1912-லேயே பேசினார்கள், திட்டித் தீர்த்தார்கள். அவர்கள் யார் என்று விசாரிக்கத்தான் ஆளில்லை.

எனக்கு இவர்கள் அறிமுகமானதே ஒரு கணினிப் பயிற்சியில்தான். டேட்டா சயின்ஸ் பக்கம் எட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: தரவுப் பயிற்சிகள் கிடைக்கும் கேகிள் தளத்தில் டைட்டானிக் பயணிகளின் பட்டியல் ஒன்று இருக்கிறது. 891 வரிகள். அதை வைத்து, யார் பிழைத்தார், யார் இறந்தார் என்று கணிக்கும் நிரல் எழுதக் கற்றுக்கொள்ள வேண்டும். மூன்றாம் வகுப்பில் ஏழு, எட்டு பவுண்டு கட்டணம் வரிசையாக வந்துகொண்டிருக்க, நடுவில் ஒருவருக்கு மட்டும் 56.4958 பவுண்டு. தட்டச்சுப் பிழை என்று நினைத்தேன். டிக்கெட் எண் 1601 என்று வடிகட்டிப் பார்த்தால் அதே தொகையோடு ஏழு பேர். எல்லாம் சீனப் பெயர்கள். எட்டாவது ஆள் நிரலுக்குக் கற்றுக்கொடுக்கும் இந்தப் பயிற்சிக் கோப்பில் இல்லை, அதன் கணிப்பைச் சோதிக்கும் தனிக் கோப்பில் இருந்தார். எட்டுப் பேருக்கும் சேர்த்து ஒரே டிக்கெட். வகுத்தால் தலைக்கு ஏழு பவுண்டு சொச்சம். கணக்கு சரியாகிவிட்டது.

பெயர்கள்தான் சரியில்லை. அதில் ஒருவர் 'லாம், மிஸ்டர் அலி'. சீனருக்கு எங்கிருந்து அலி வந்தது? மற்ற பட்டியல்களில் அவர் ஆ லாம். தென்சீனப் பேச்சில் பழக்கத்தில் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொள்ளும் 'ஆ' அது. இன்னொருவர் 'லாங், மிஸ்டர் ஃபாங்'. குடும்பப் பெயரை முதலில் சொல்வது சீன வழக்கம், அதைத் தலைகீழாகப் போட்டிருக்கிறார்கள். என் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் 'சர்நேம்' ஆகி, வெளியூர் அலுவலகத்தில் இரண்டு வருடம் எல்லோரும் என்னை அப்பா பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். அதனால் இது எனக்குப் புதிதாகத் தெரியவில்லை. ஆனால் ஆளைத் தேடிப் போகிறவருக்கு இதுதான் முதல் சுவர். இந்த எழுத்துகளை வைத்துக்கொண்டு எந்தக் குடும்பத்தைப் போய்க் கேட்பது?

சரி, நடந்தது என்ன? எட்டுப் பேரும் கப்பல் தொழிலாளர்கள். நியூயார்க்கில் அனெட்டா என்ற கப்பலில் வேலைக்குச் சேரப் போய்க்கொண்டிருந்தார்கள். இருவர் இறந்தார்கள், ஆறு பேர் பிழைத்தார்கள். நால்வர் ஏறியது 'சி' என்ற மடக்குப் படகில், அதாவது பக்கங்களை மடக்கி வைக்கக்கூடிய உயிர்காப்புப் படகில். கப்பல் நிறுவனத் தலைவர் இஸ்மேயும் அதே படகில்தான் தப்பினார். விடிந்த பிறகுதான் இந்த நால்வரும் கண்ணில் பட்டார்கள் என்று படகில் இருந்த மாலுமி பின்னால் சாட்சி சொன்னார். பத்திரிகைகளுக்கு அது போதும். திருட்டுத்தனமாக ஏறியவர்கள், இருக்கைக்கு அடியில் பதுங்கியவர்கள், பெண் வேடம் போட்டவர்கள் என்று எழுதித் தள்ளின. உண்மையில் இவர்கள் டிக்கெட் எடுத்து வந்தவர்கள்.

அவர்களிடம் கேட்டிருக்கலாமே என்றால், அவர்கள் ஊரிலேயே இல்லை. சீனத் தொழிலாளர்கள் அமெரிக்காவுக்குள் வருவதைத் தடுத்த 1882-ம் வருடச் சீனர் விலக்குச் சட்டம் அப்போது அமலில் இருந்தது. பிழைத்தவர்களை ஏற்றிக்கொண்ட கார்பேத்தியா கப்பல் ஏப்ரல் 18 இரவு நியூயார்க் வந்தது. மற்றவர்கள் இறங்கினார்கள். இவர்கள் மறுநாளே அனெட்டாவுக்கு அனுப்பப்பட்டார்கள். அதே 19-ம் தேதிதான் அமெரிக்க செனட்டின் விசாரணை ஒரு பெரிய ஓட்டலில் தொடங்கியது. முதல் சாட்சி இஸ்மே! அவரையும் ஊரே தூற்றியது என்பது உண்மை. ஆனால் தன் தரப்பைச் சொல்ல அவருக்கு ஒரு நாற்காலி கிடைத்தது.

இந்த ஆறு பேரையும் தேடிப் பிடித்தது ஆர்தர் ஜோன்ஸ் என்ற ஆவணப்பட இயக்குநரும் ஸ்டீவன் ஷ்வாங்கர்ட் என்ற ஆய்வாளரும். படம் 2021-ல் சீனாவில் வெளியானது. எனக்குப் பிடித்தது அவர்கள் செய்த ஒரு காரியம். அந்த மடக்குப் படகை அதே அளவில் செய்து, ஆட்களை நெருக்கி உட்கார வைத்துப் பார்த்தார்கள். இருட்டில், அவ்வளவு கூட்டத்தில், கீழே உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்குத் தெரியாமல் போக அவர் ஒளிந்துகொள்ளவே வேண்டாம். நூறு வருடப் பழி, ஒரு மரப்படகில் உட்கார்ந்து பார்த்தால் ஆட்டம் காண்கிறது.

அப்புறம் அந்த ஃபாங் லாங். அவர் படகில் ஏறவே இல்லை. தண்ணீரில் மிதந்த மரப்பலகையில் தன்னைக் கட்டிக்கொண்டு கிடந்தார். டைட்டானிக் அதிகாரி லோவின் உயிர்காப்புப் படகு வந்தது. இவரைக் காப்பாற்ற லோ முதலில் தயங்கினார் என்றும், ஏற்றிய கொஞ்ச நேரத்தில் இவரே துடுப்பை வாங்கி வலித்ததைப் பார்த்து வெட்கப்பட்டார் என்றும் அந்தப் படகில் இருந்த ஒரு பெண்மணி எழுதியிருக்கிறார். அவரும் இவரை ஜப்பானியர் என்றுதான் எழுதினார். ஜேம்ஸ் கேமரூன் தன் 1997 படத்துக்காக இந்தக் காட்சியை எடுத்து, கடைசியில் வெட்டிவிட்டார்.

ஃபாங் பிற்பாடு வேறு பெயரில் அமெரிக்காவிலேயே வாழ்ந்து 1985-ல் இறந்தார். மகனிடம் டைட்டானிக் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. இதைப் பலர் அடக்கம் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சீனத் தொழிலாளி நாட்டுக்குள் காலெடுத்து வைப்பதே குற்றம் என்றிருந்த ஊரில், எந்தக் கப்பலில் வந்தாய் என்ற கேள்விக்கு யார் வாய் திறப்பார்?

அந்தச் சோதனைக் கோப்பில் இருந்த எட்டாவது ஆள் லிங் ஹீ. அதில் பிழைத்தாரா இல்லையா என்ற விவரம் இருக்காது, நாம்தான் கணிக்க வேண்டும். ஆண், மூன்றாம் வகுப்பு. என் நிரல் 'இறந்தார்' என்று சொன்னது. அவர் பிழைத்த ஆறு பேரில் ஒருவர்.